பந்தில் எழுதிய கணக்கு

1911ஆம் ஆண்டில் எடுத்த குழுப் படம் ஒன்றை அச்சிட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கார்லைல் என்ற ஊரில் இயங்கிய பள்ளியின் கால்பந்து அணி அது. படத்தில் இளைஞர்களோடு ஒரு பந்தும் இருக்கிறது. அதன் தோலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: இந்தியர்கள் 18, ஹார்வர்டு 15.

பள்ளிக் கால்பந்து அணியில் ஆடும் என் மகள் படத்தை எடுத்துப் பார்த்தாள். "இவர்கள் நம் நாட்டவரா அப்பா? பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கிறது?" என்று கேட்டாள்.

இரண்டுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. அவளிடம் சொன்னதோடு, சொல்ல வாய் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்கக் கால்பந்து. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். தடுப்பவர்கள் மேலே பாய்ந்து வீழ்த்துவார்கள். கோட்டைத் தாண்டினால் டச்டவுன். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தியும் புள்ளி எடுக்கலாம். ஒவ்வொரு முறை வீழ்த்தப்பட்ட பிறகும் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குறிப்பிட்ட தடவைக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அடுத்தது பெயர். கொலம்பஸ் வழிதவறிப் போய் இறங்கிய நிலத்தை இந்தியா என்று எண்ணியதால் அந்த மண்ணின் மக்கள் தலையில் விழுந்த பெயர் அது. நான் படித்த காலத்தில் 'செவ்விந்தியர்' என்றுதான் பாடப் புத்தகத்தில் இருந்தது. ஒரு கண்டம் முழுவதும் வாழ்ந்த நூற்றுக்கணக்கான இனங்களைத் தோலின் நிறத்தைச் சொல்லி ஒரே மூட்டையாகக் கட்டிய சொல். அதை இனி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒஜிப்வே, ஹோப்பி, லகோட்டா, சாக்–ஃபாக்ஸ் என்று அவர்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பெயர்களை அழிப்பதற்கென்றே நடந்த பள்ளி கார்லைல். ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-இல், ஒரு பழைய படைமுகாமில் அதைத் தொடங்கினார். மேற்குப் பகுதியின் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ரயிலில் கொண்டுவந்தார்கள். வந்ததும் முடி வெட்டப்பட்டது. புதிய ஆங்கிலப் பெயர் வைக்கப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று என்பது பிராட் 1892-இல் வெளிப்படையாகப் பேசிய கொள்கை.

அந்தப் பள்ளி விளம்பரத்துக்காக வெளியிட்ட படங்களில் ஒரு ஜோடி மிகவும் புகழ்பெற்றது. டாம் டோர்லினோ என்ற நவாஹோ இளைஞர் 1882-இல் வந்திறங்கியபோது எடுத்தது ஒன்று. தோளில் புரளும் முடி, காதில் வளையம், கழுத்தில் மணிமாலைகள். மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்தது மற்றொன்று. ஒட்ட வெட்டிய முடி, கோட்டு, கழுத்துப் பட்டை. முகத்தின் நிறம்கூட வெளுத்துத் தெரிகிறது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் கண்களைத்தான். பள்ளி பெருமையோடு காட்டிய மாற்றம் எதுவும் அந்தக் கண்களில் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குள் கால்பந்து எப்படி நுழைந்தது? பிராட்டுக்கு அந்த ஆட்டம் பிடிக்காது. ஒரு மாணவன் கால் உடைந்து கிடந்ததைப் பார்த்து, வெளி அணிகளோடு ஆடுவதற்குத் தடை போட்டிருந்தார். ஏறக்குறைய நாற்பது பையன்கள் திரண்டு அவருடைய அறைக்குப் போய், தடையை நீக்கும்படி கேட்டார்கள். அவர்களில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவன் எல்லோருக்கும் சேர்த்து வாதாடினான். பிராட் இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். எதிரணி அடித்தாலும் நீங்கள் கை நீட்டக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியைத் தோற்கடிக்க வேண்டும். இந்தக் காட்சியை அவரே தம் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார். எதையும் கேட்கும் உரிமை இல்லாத பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஆட்டம் இது. இதை மறந்துவிட்டு அந்த அணியின் கதையைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

கார்லைல் கல்லூரியே அல்ல. பாதி நாள் பாடம், மீதி நாள் தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழில். ஆனாலும் யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், பென்சில்வேனியா என்று பணமும் பெயரும் படைத்த பல்கலைக்கழகங்களோடு மோதினார்கள். பெரும்பாலும் எதிரணியின் மைதானத்தில்தான் ஆட்டம், ஏனென்றால் டிக்கெட் வசூல் அங்கேதான் கிடைக்கும். ரயிலில் ஏறிப் போய், ஆடிவிட்டு, மறுபடி ரயிலில் ஏறுவது அவர்கள் பிழைப்பானது.

உடல் எடையில் எதிரணிகள் எப்போதும் கனமானவை. அந்தக் காலத்து ஆட்டமோ எடையை நம்பியே நடந்தது. கூட்டமாகச் சேர்ந்து இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். 1905-இல் மட்டும் ஏறக்குறைய இருபது பேர் நாடெங்கும் களத்தில் பட்ட காயங்களால் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீசலாம் என்பது முக்கியமான மாற்றம்.

பெரிய அணிகள் வீச்சைச் சந்தேகத்தோடு பார்த்தன. இடித்து வெல்லும் பலம் இருக்கும்போது எறிந்து பார்ப்பானேன்? கார்லைலுக்கு அது வரப்பிரசாதம். 1907-இல் பீட் ஹவுசர், ஃபிராங்க் மவுண்ட் பிளெசன்ட் ஆகியோரின் கையிலிருந்து பந்து சுழன்றபடி தொலைதூரம் பறந்தது. பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியாவை 26–6 என்று சாய்த்தார்கள். ஹார்வர்டை முதன்முறையாக, 23–15 என்று வென்றார்கள். சிகாகோவோடு நடந்த ஆட்டத்தில் ஆல்பர்ட் எக்சண்டைன் தடுப்பவர்களிடமிருந்து தப்ப எல்லைக்கு வெளியே ஓடி, உட்கார்ந்திருந்தவர்களின் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு மீண்டும் உள்ளே வந்து பந்தைப் பிடித்தார். அப்போதைய விதியில் அதற்குத் தடை இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் 'தந்திரம்' என்று வரும். போர்க்கோலம், தலைத்தோல் உரித்தல் என்றெல்லாம் தலைப்புப் போடுவார்கள். புத்தி முழுவதும் பயிற்சியாளர் கிளென் 'பாப்' வார்னருடையது, பையன்களிடம் இருந்தது காட்டு வேகம் மட்டுமே என்பதுபோல எழுதிய காலம் அது. வார்னர் அபாரமான மூளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் விதிப் புத்தகத்தின் இண்டு இடுக்குகளை நுழைந்து பார்த்து, ஓடும் ஓட்டத்திலேயே முடிவெடுத்து ஆடியவை களத்தில் இருந்த தலைகள். பிற பல்கலைக்கழக மாணவர்கள் செய்தால் வியூகம், இவர்கள் செய்தால் தந்திரமா? நூறாண்டுக்கு முந்தைய அச்செழுத்து என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் இங்கே சொல்ல வந்தது 1912. அந்த ஆண்டு விதிகள் மறுபடியும் மாறின. பத்து கஜத்துக்கு மூன்று தடவை என்று இருந்தது நான்காயிற்று. டச்டவுனுக்கு ஐந்து புள்ளி ஆறாக உயர்ந்தது. பந்தை இருபது கஜத்துக்கு மேல் வீசக் கூடாது என்ற கட்டுப்பாடும் போனது. கார்லைலின் கைகால் கட்டுகளை அவிழ்த்துவிட்டது போலத்தான்.

அணியில் ஜிம் தோர்ப் இருந்தார். சாக்–ஃபாக்ஸ் இனத்தவர். தாய் வைத்த பெயர் வா–தோ–ஹுக், 'ஒளிமிக்க பாதை' என்று பொருள் சொல்வார்கள். கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற ஹோப்பி இளைஞர் லூயிஸ் தெவானிமாவும் கார்லைல் மாணவர்தான். தெவானிமா அந்தப் பள்ளிக்கு விரும்பி வந்தவர் அல்லர். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஹோப்பி மக்களில் ஒருவராக, 1907-இல் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர். அவருக்குப் பின் 1964 வரை எந்த அமெரிக்கரும் ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தில் பதக்கம் வெல்லவில்லை. அந்த ஆண்டு தங்கம் வென்ற பில்லி மில்ஸ் ஒரு லகோட்டா.

தோர்ப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். உடன் ஆடியவர்களையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், விஸ்கான்சின் பகுதி ஒஜிப்வே. ஜோ கயன், அலெக்ஸ் அர்காசா, ஸ்டான்சில் பவல், ஜோ பெர்ஜி, பீட் கலாக். தோர்ப் ஒருவரை மட்டும் குறிவைத்து எதிரணி குவிந்தபோதெல்லாம் புள்ளி எடுத்தவர்கள் இவர்கள்.

செப்டம்பரில் தொடங்கினார்கள். ஆல்பிரைட் 50–7, லெபனான் வேலி 45–0, டிக்கின்சன் 34–0, வில்லனோவா 65–0. அடுத்து வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு 0–0. நாடே பேசிக்கொண்டிருந்த அணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு வாரம் கழித்து சிரக்யூசை 33–0 என்று அடித்தார்கள். முந்தைய ஆண்டு ஒற்றைப் புள்ளியில் தங்களை வீழ்த்தி, பருவத்தின் ஒரே தோல்வியைத் தந்த அணி அது. பிறகு பிட்ஸ்பர்க் 45–8. அக்டோபர் 26, சனிக்கிழமை ஜார்ஜ்டவுனோடு ஆட்டம், 34–20. திங்கட்கிழமை எல்லை தாண்டிக் கனடாவின் டொரண்டோ அணியோடு ஆடி 49–1. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதுவும் ரயிலில் கழிந்திருக்கும். இன்றைய அணி எதையாவது இப்படி ஆடச் சொன்னால் மருத்துவர்கள் விடமாட்டார்கள்.

லீஹையை 34–14 என்று வென்றபின், நவம்பர் 9 வந்தது. ஹட்சன் ஆற்றின் கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாதெமியோடு ஆட்டம்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் படை சுட்டுக் கொன்று இருபத்திரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கார்லைல் வீரர்கள் அந்தச் சமயத்தில் பிறந்தவர்கள், அல்லது தவழ்ந்தவர்கள். எதிரில் நின்றவர்கள் அதே படையின் வருங்கால அதிகாரிகள். ஆட்டத்துக்கு முன் வார்னர் இதைச் சொல்லிப் பையன்களை உசுப்பேற்றினார் என்பார்கள். அவர் சொல்லித்தானா அவர்களுக்குத் தெரிய வேண்டும்?

ராணுவ அணி முதலில் டச்டவுன் போட்டது. கார்லைல் பதிலுக்குப் போட்டு, டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காகக் கிடைக்கும் கூடுதல் உதையையும் சரியாக அடித்து இடைவேளையில் 7–6 என்று நூலிழையில் முன்னே இருந்தது. அன்று அவர்கள் ஒரு புதிய அணிவகுப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்களில் இருவரை முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் ஒட்டி நிறுத்தினார்கள். பந்து யாரிடம் போகும், ஓட்டமா வீச்சா, இடமா வலமா என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. 'டபுள் விங்' என்று பின்னாளில் அமெரிக்கா முழுவதும் பரவிய முறை. ராணுவ அணி, வருகிறவர்களை இடித்து நிறுத்தப் பழகிய அணி. இங்கே இடிப்பதற்கு ஆள் அகப்படவில்லை.

ராணுவ அணித் தலைவர் லீலண்ட் டெவோர் மலை போன்ற உடம்புக்காரர். அவர் எதிரில் நின்றவர் கயன். தன்னைவிட மிகச் சிறிய ஆள் தன்னைத் திரும்பத் திரும்ப மடக்கியதில் டெவோர் பொறுமை இழந்தார். இரண்டாம் பாதியில் கயன்மீது வேண்டுமென்றே பாய்ந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். பிராட்டின் முதல் நிபந்தனை நினைவிருக்கிறதா? கை நீட்டக் கூடாது என்று கட்டளையிடப்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கை நீட்டி வெளியே போனவர் நாகரிகம் கற்றுத்தர வந்தவர்களின் படைத்தலைவர்.

டுவைட் ஐசன்ஹோவரும் அன்று களத்தில் இருந்தார். 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பை நடத்தி, பிறகு ஜனாதிபதியான அதே ஐசன்ஹோவர். அவரும் ஒரு தோழரும் சேர்ந்து தோர்ப்பை இரு பக்கமிருந்தும் அடித்து ஆட்டத்திலிருந்தே அகற்றிவிடத் திட்டமிட்டார்கள். ஒருமுறை தோர்ப் சட்டென்று நின்றுவிட, இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள். அடுத்த வாரம் வேறோர் ஆட்டத்தில் முழங்கால் சேதமாகி, ஐசன்ஹோவரின் கால்பந்து வாழ்க்கை முடிவுக்கு வந்தது. ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய பின்னும், தான் பார்த்த எந்த ஆட்டக்காரரைவிடவும் தோர்ப் சிறந்தவர் என்று மேடையில் சொல்லியிருக்கிறார்.

முடிவு 27–6. நான்கு டச்டவுன்களில் மூன்று அர்காசாவுடையவை, ஒன்று பெர்ஜியுடையது. எதிரணியைத் தன் பின்னால் இழுத்துப் போய் மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டார் தோர்ப். என் மகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "கோல் போடாதவர்தான் ஜெயிக்க வைத்தாரா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் பென்சில்வேனியாவிடம் 34–26 என்று தோற்றார்கள். இந்தத் தோல்வியை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெஸ்ட் பாயிண்டோடு பருவம் முடிந்திருந்தால் அது புராணக் கதை. களைத்த உடம்போடு அடுத்த சனிக்கிழமையும் களமிறங்கி, 26 புள்ளி எடுத்தும் தோற்றதால்தான் அவர்கள் எனக்கு நெருக்கமாகிறார்கள். அதற்கும் அடுத்த வாரம் ஸ்பிரிங்ஃபீல்டை 30–24 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். நவம்பர் 28, நன்றி கூறும் நாளில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என்று வென்று முடித்தார்கள். பதினான்கு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். எடுத்தது 504 புள்ளி, கொடுத்தது 114. ஒவ்வொரு வரியாகக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக வருகிறது.

கார்லைலுக்காகத் தோர்ப் ஆடிய கடைசி ஆட்டம் பிரவுனோடு நடந்ததுதான். 1913 ஜனவரியில், முன்பு வட கரோலினாவில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடியவர் என்ற செய்தி வெளிவந்தது. சம்பளம் வாங்கி ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாது என்று பதக்கங்களைத் திரும்ப வாங்கினார்கள். விடுமுறையில் அப்படி ஆடிய கல்லூரி மாணவர்கள் ஏராளம், பெரும்பாலோர் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். பெயரைப் பிடுங்கிய பள்ளியில் படித்தவர், தன் பெயரை மறைக்காததற்குத் தண்டனை அனுபவித்தார். 1953-இல் இறந்தார். 1980களில் பதக்கத்தில் பாதி மரியாதை திரும்பியது, இணை வெற்றியாளர் என்று. அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஏற்றது 2022 ஜூலையில்.

தோர்ப்பைவிட எனக்குப் பெரியவராகத் தெரிவது கஸ் வெல்ச். டிக்கெட் வசூலால் சேர்ந்த விளையாட்டு நிதி எங்கே போகிறது, மாணவர்களை ஏன் வார்னர் வசைபாடி அடிக்கிறார், சாப்பாடு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். 1914-இல் நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு வந்தது. வார்னர் நல்ல பயிற்சியாளர், ஆனால் கொள்கை இல்லாத மனிதர் என்று அந்தக் குழுவின் முன் வெல்ச் சாட்சி சொன்னார். தன்னை நாடறியச் செய்தவருக்கு எதிராக ஒரு மாணவன் சொன்ன சாட்சி. பள்ளித் தலைவரின் பதவி போனது. வார்னர் 1915-இல் பிட்ஸ்பர்குக்குப் போய்ப் புகழோடு வாழ்ந்தார். 1918-இல் பள்ளியை மூடி, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கான ராணுவ மருத்துவமனையாக மாற்றினார்கள். அங்கே படித்தவர்கள் உட்பட அமெரிக்காவின் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 1924-இல்.

மகளிடம் சொல்லாமல் விட்டது இனிமேல்தான்.

கார்லைல் வளாகத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காசநோயிலும் பிற நோய்களிலும் இறந்த குழந்தைகளில் ஏறக்குறைய 180 பேரை அங்கே புதைத்தார்கள். ராணுவக் கல்லறைகளில் நிற்பது போன்ற வெள்ளைக் கற்கள். சில கற்களில் பெயர் பிழையாக இருக்கிறது. சிலவற்றில் 'தெரியவில்லை' என்று மட்டும் பொறித்திருக்கிறது. 1927-இல் கட்டடம் கட்ட இடம் வேண்டும் என்று அந்தச் சமாதிகளையும் தோண்டி இடம் மாற்றினார்கள். முதலில் இறந்தவன் அமோஸ் லாஃப்ராம்புவா. 1879 நவம்பரில், வந்து மூன்று வாரம் முடிவதற்குள் போய்விட்டான். அவனுடைய இனத்தாரால் அவனை ஊருக்கு எடுத்துச்செல்ல முடிந்தது 2023-இல்.

504 புள்ளிகளின் மகிழ்ச்சி உண்மை. அதை அந்த இளைஞர்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பந்தை எழுதி அலமாரியில் அடுக்கிய அதே பள்ளியில் இறந்த பிள்ளைகளின் கல்லில் பெயர் சரியாக எழுதப்படவில்லை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எழுத்தும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.

2015-இல் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பகுதியைச் சேர்ந்த லகோட்டா இளைஞர்கள் சிலர் வாஷிங்டனில் நடந்த கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கார்லைலில் இறங்கினார்கள். கற்களுக்கு நடுவே நின்று, இவர்களை ஏன் நாம் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று பெரியவர்களிடம் கேட்டார்கள். ஆறு ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2021 ஜூலையில் ஒன்பது குழந்தைகளின் எலும்புகள் வாகன வரிசையில் மேற்கே புறப்பட்டன. 1879-இல் முதல் குழந்தைகள் படகேறிய மிசூரி ஆற்றங்கரையில் அந்த வரிசை நின்றது. அங்கே உறவினர்கள் காத்திருந்தார்கள். சடங்குகள் செய்து, சொந்த மொழியில் பாடி, ஊருக்கு அழைத்துப்போனார்கள்.